ஷிப்ட்டுக்குப் போகிறவர் வீட்டிலும் நாலு சாக்குக் கீரை



நான் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது ஒரகடம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் இயற்கை விவசாயம். சிப்காட்டுக்கு நிலம் எடுத்த காலத்தில், இழப்பீடு வாங்கிய குடும்பங்களைத் தேடிப்போய் டெபாசிட் பிடித்தவர்களில் நானும் ஒருவன். அப்படிப் போட்ட பெரியவர் ஒருவர் பல வருஷம் கழித்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "வட்டி வருது சார். ஆனா கீரைக்கட்டையும் காசு குடுத்து வாங்குற நெலமை ஆயிடுச்சே." அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கியது. அதன்பின் ஏரிப்பாசன ஊர்களில் வாடகை வீடுகளும் விடுதிகளும் எழும்பிவிட்டன. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பெண் தொழிலாளர்கள் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மற்ற பெண்கள் நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்தது நினைவிருக்கும். நாலு சாக்குக் கீரையால் அந்தப் பிரச்சினை தீராது. ஆனால் சாப்பாடு மொத்தமும் அடுத்தவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பது அன்று விளங்கியது. கியூபாவில் 1991-க்குப் பிறகு சோவியத் எண்ணெயும் உரமும் நின்றபோது, ஹவானா நகர மக்கள் காலிமனைகளில் காய்கறி போட்டுத்தான் சமாளித்தார்கள். நாம் அந்த நெருக்கடி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

எதில் வளர்ப்பது?

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். காயலான் கடையில் மலிவாகக் கிடைத்த நீல டிரம்மைப் பாதியாக வெட்டித் தக்காளி நட்டேன். எத்தனை முறை கழுவியும் ஒரு நெடி போகவில்லை. பத்து நாளில் நாற்று கருகிவிட்டது. கருகியதே நல்லது, காய்த்திருந்தால் சாப்பிட்டிருப்போம். நம் பகுதியில் இப்படிப்பட்ட டிரம்கள் நிறையக் கிடைக்கும். ரசாயனம், பெயின்ட், ஆயில் இருந்த எதுவும் வேண்டாம். அரிசிச் சாக்கு, பழைய வாளி, மண்தொட்டி போதும். அடியில் நாலைந்து துளை போட்டு, செங்கல் மேல் வையுங்கள். தண்ணீர் தேங்காது, ஹவுஸ் ஓனரும் தளம் ஊறுகிறது என்று சண்டைக்கு வரமாட்டார். மாடியில் சுவர் ஓரமாக வைப்பது நல்லது. ஈரமண் கனம் அதிகம்.

மண்ணும் தண்ணீரும்

செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசி உப்பைப் போக்கிவிட்டுச் சேருங்கள். கட்டட வேலை நடந்த இடத்து மண்ணை எடுக்காதீர்கள், சிமென்ட் கலந்திருக்கும்.

ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று சிலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பு அதிகம். தொட்டி மண்ணில் உப்பு ஏறிச் செடி வாடும். அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள். அரிசி களைந்த தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். காலை ஷிப்ட் என்றால் போகும்முன், நைட் ஷிப்ட் என்றால் வந்ததும், ஒரு வேளை போதும். கோடையில் மட்டும் மாலையிலும் ஊற்றுங்கள்.

எதை விதைப்பது?

தக்காளியில் தொடங்காதீர்கள், கீரையில் தொடங்குங்கள். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால் இது ரெக்கரிங் டெபாசிட். நாலு சாக்கு வையுங்கள். வாரம் ஒரு சாக்கில் முளைக்கீரை விதையுங்கள். பொடி விதை என்பதால் மணல் கலந்து தூவி, மேலே லேசாக மண் போர்த்துங்கள். இருபத்தைந்து நாளில் முதல் சாக்கு பறிப்புக்கு வந்துவிடும். பிறகு வாரம் தவறாமல் ஒரு நாள் வீட்டுக் கீரை. பறித்த சாக்கில் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டு மறுபடி விதையுங்கள்.

இரண்டு மாதம் கை பழகியதும் வெண்டை, கத்தரி, மிளகாய்க்குப் போகலாம். ஆடி, தை இரண்டு பட்டமும் இவற்றுக்கு ஏற்றவை. வெண்டை நாற்பத்தைந்து நாளில் காய்க்கத் தொடங்கும். கத்தரியை நாற்று விட்டு, இருபத்தைந்து முப்பது நாளில் பிடுங்கி நடவேண்டும்.

பூச்சி வந்தால்

மாவுப்பூச்சியைப் பார்த்தவுடன் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மீதிக்கு, ஐம்பது கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். பிழிந்து வடிகட்டி, துளி காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். பறிக்கப்போகிற கீரையில் வேண்டாம், கசக்கும். வளர்ச்சிக்குப் பஞ்சகவ்யா லிட்டருக்கு முப்பது மில்லி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை.

விதை

நாட்டு விதையாகப் பார்த்து வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் நல்ல செடி இரண்டைப் பறிக்காமல் முற்ற விடுங்கள். அடுத்த பட்டத்துக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

பெரியவர் வீட்டு மாடியில் இப்போது ஆறு சாக்கு இருக்கிறது. போன வாரம் போனபோது அரைக்கீரை விதை ஒரு பொட்டலம் கொடுத்தார். "இதுக்கு ரசீது வேணுமா சார்?" என்று கேட்டுச் சிரித்தார். அந்த விதையை என் வயலில் ஒரு பாத்தி போட்டிருக்கிறேன். முற்றியதும் கேட்பவர்களுக்குத் தருகிறேன்.