நாகமருவும் ஊவாப் பத்தனையும்

பசறை, பண்டாரவளை, அப்புத்தளை வழியே பயணஞ் செய்த பழைய மாணவர், தேயிலை மலைகளுக்கிடையே எஞ்சி நிற்கும் புல்வெளிகளைக் கண்டிருப்பர். அவற்றைப் பத்தனை என்பது மலைநாட்டு வழக்கு. அப்பத்தனைகளிற் பொன்னிற மலர் பூக்கும் நிலவாழ் ஓர்க்கிட்டு ஒன்றுண்டு. சிங்களத்தில் அதன் பெயர் நாகமரு அல. தாவரவியலார் இட்ட பெயர் இப்சியா இசுபெசியோசா. இலங்கையிலன்றி உலகில் வேறெங்கும் அஃது இயற்கையாய் வளர்வதில்லை.

அருகிவரும் இச்செடி பிழைத்தல் இரண்டைப் பொறுத்தது: ஒன்று குடித்தொகையின் அளவு, மற்றது வாழிடத்தின் தரம்.

முதலாவதை நோக்குவோம். ஆயிரஞ் செடிகளுள்ள சரிவில் ஐந்து அழியின் இழப்புத் தோன்றாது. பத்தே உள்ள இடத்தில் ஐந்து அழியின் பாதி போயிற்று. கிழங்கு வசிய மருந்தாகும் என்னும் நம்பிக்கையால் இச்செடி அகழப்படுகின்றமையின், இக்கணக்கு வெறுங் கற்பனையன்று. மேலும், மலர்கள் சிலவாயின் பூச்சிகளின் வருகை குறையக்கூடும். காய் பிடித்தலும் அருகும். நெருங்கிய உறவுடைய செடிகளே தம்முட் கலக்குமாயின், மறைந்து கிடந்த குறைபாடுகள் சந்ததியில் வெளிப்படும். வலிமை குன்றத் தொகை குன்றும். தொகை குன்ற வலிமை மேலுங் குன்றும்.

இனி வாழிடம். ஓர்க்கிட்டு விதை தூசுபோல் நுண்ணியது. தன்னகத்தே உணவுச் சேமிப்பு இல்லாதது. மண்ணிலுள்ள தக்க பங்கசு உணவூட்டினாலன்றி இயற்கையில் அது முளைத்து வளராது. மலைநாட்டு நிலத்தைக் கோப்பியும், 1869 இல் தோன்றிய இலைநோய் அதனை வீழ்த்தியபின் தேயிலையும் மாற்றின. பிற்காலத்திற் பத்தனைகள் பலவற்றிற் பைனசு நடப்பட்டது. வெயிலில் வாழப் பழகிய புல்வெளிச் செடிக்கு அம்மரநிழல் ஒவ்வாது.

நிலத்தடிக் கிழங்கிலிருந்து தளிர்த்துப் பூப்பதொன்றையே கண்டு இனம் நலமென்று எண்ணற்க. இளஞ்செடி தோன்றாத பத்தனை, பிள்ளைகளில்லாது முதியோர் மட்டும் வாழும் ஊரை ஒக்கும்.

1861 இல் நிறுவப்பட்ட அக்கலைப் பூங்கா போன்ற இடங்களில் அரிய செடியை வளர்த்துப் பேணலாம். பத்தனையையே தொட்டியில் வைத்தல் இயலுமோ? ஆதலின் தோட்டங்களிற் கடமையாற்றும் பழைய மாணவர், எல்லையோரத்துப் புல்திட்டுக்களைக் களைகொல்லி படாது விட்டுவைப்பாராக. இளைய மாணவர் கிழங்கைத் தோண்டாது, ஆண்டுதோறும் ஒரே திட்டில் மலர்ந்தவற்றையும் இளஞ்செடிகளையும் வெவ்வேறாக எண்ணிக் குறித்துவைப்பாராக. அவ்விரண்டாம் எண்ணே இம்மலரின் நாளையைச் சொல்லும்.