ஒரே டேப்பில் நில்லுங்கள்

பொங்கோலில் எங்கள் வீவக வீட்டின் சின்ன அறையில் ஓட்டாரி எம்எக்ஸ் 5050 ஒன்று இருக்கிறது. அரை அங்குல டேப்பில் எட்டுத் தடம் பதியும் இயந்திரம். மிருதங்க நண்பர் லிட்டில் இந்தியாவில் வடகிழக்குப் பாதை ரயில் ஏறினால் இங்கே வந்துதான் இறங்குவார். அவர் வாசித்த முதல் பதிவு என்னிடம் இல்லை. மலிவாகக் கிடைத்த, 1980களில் தயாரான டேப்பில் பதிந்தேன். பத்து நிமிடத்தில் டேப் கீச்சிட்டது. திறந்து பார்த்தால் ஹெட் முழுவதும் பழுப்புப் பிசுக்கு. “இன்னொரு தடவை வாசிக்கிறேன் தம்பி” என்றார் அவர். அன்று வாசித்தது திரும்ப வருமா?

காரணம் நம் காற்றில் இருக்கிறது. 1970களின் நடுவிலிருந்து 1990கள் வரை வந்த, பின்புறப் பூச்சுள்ள பல டேப்புகளில் காந்தத் துகளைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிச் சிதையும். 54 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து உலர்த்தினால் சில வாரங்களுக்கு ஓடும். அதற்குள் நகலெடுத்துவிட வேண்டும். பழைய அசிடேட் டேப்பை மட்டும் சூடாக்கவே கூடாது. ஆக, உலர்த்துவது பழைய பதிவைக் காப்பாற்றும் வழி. புதிதாகப் பதிய அந்த டேப்பைத் தொடாதீர்கள்.

புதிய டேப் இன்றும் கிடைக்கிறது. பிரான்சின் அவ்ராஞ்ச் ஊரில் ஆர்டிஎம் எஸ்எம்911, எஸ்எம்900 வகைகளைச் செய்கிறார்கள். அமெரிக்காவில் ஏடிஆர் மேக்னடிக்ஸ் இருக்கிறது. எஸ்எம்900 கூடுதல் மட்டத்தைத் தாங்கும். ஆனாலும் நான் எஸ்எம்911-ஐத்தான் எடுத்தேன். வலுவான டேப் கேட்கும் பயஸையும் (பதியும் ஒலியோடு கலக்கும் உயர் அதிர்வெண் மின்னோட்டம்) அழிப்புத் திறனையும் சிறிய இயந்திரங்கள் எல்லாம் தருவதில்லை. 2,500 அடிச் சுருள், நொடிக்கு 15 அங்குல வேகத்தில் 33 நிமிடம் ஓடும். விலை அதிகம்தான். அதற்காக வகைக்கு ஒன்றாக வாங்காதீர்கள்; டேப் மாறினால் எட்டுத் தடத்தையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். வாங்கியதை கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர் பெட்டியில், 40 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள்.

அளவைச் சரிசெய்யும் நாளில் முதல் வேலை ஹெட்டை ஆல்கஹாலால் துடைப்பது. அடுத்து காந்தம் நீக்குவது: இயந்திரத்தை அணைத்து, அளவை டேப்பை (தெரிந்த மட்டத்தில் ஒலிகள் பதிந்த சோதனை டேப்) அடுத்த அறைக்குக் கொண்டுபோய்விட்டுச் செய்யுங்கள். காந்தம் நீக்கும் கருவியை மெல்லக் கொண்டுவந்து மெல்ல விலக்கி, கையெட்டும் தூரம் போன பிறகே அணைக்க வேண்டும். அருகிலேயே அணைத்தால் முன்னைவிட அதிகக் காந்தம் ஏறிவிடும்.

பிறகு எம்ஆர்எல் நிறுவனத்தின் அளவை டேப்பை ஓட்டி, ஒலிக்கும் பக்கத்தை மட்டும் சரிசெய்யுங்கள்: ஹெட்டின் சாய்வு, மட்டம், உச்ச அதிர்வெண். என் அளவை டேப்பின் மட்டம் ஒரு மீட்டருக்கு 250 நானோவெபர். எஸ்எம்911-ஐ அதைவிட 3 டெசிபெல் மேலே ஓட்ட விரும்பியதால், அதை ஒலிக்கவிட்டு மீட்டர் முள்ளை −3இல் நிறுத்தினேன். அளவை டேப்பில் ஒலி முழு அகலத்திலும் பதிந்திருக்கும். குறுகிய தடத்து ஹெட் பக்கத்திலுள்ளதையும் சேர்த்துப் பிடிப்பதால் தாழ் அதிர்வெண் பொய்யாக உயர்ந்து தெரியும். அதை நம்பிக் குறைத்துவிட்டு, மிருதங்கத்தின் தொப்பி மெலிந்துபோனதே என்று ஒரு மாதம் தவித்தேன். தாழ் பகுதியை, புது டேப்பில் நீங்களே பதிந்து பார்த்துக் கடைசியில் சரிசெய்யுங்கள்.

பதிவுப் பக்கத்தின் உயிர் பயஸ். 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியைத் தாழ்ந்த மட்டத்தில் பதிந்துகொண்டே பயஸை ஏற்றினால் முள் உச்சிக்குப் போகும். அங்கே நிறுத்தாமல் மேலும் ஏற்றினால் இறங்கத் தொடங்கும். 15 அங்குல வேகத்தில் இந்த வகை டேப்புக்குச் சுமார் 3 டெசிபெல் இறக்கம் பொருந்தும். துல்லியமான எண் ஹெட்டின் இடைவெளியைப் பொறுத்தது, டேப்பின் விவரத்தாளில் இருக்கும். பயஸ் குறைந்தால் ஒலி பளிச்சென்று கேட்டு மயக்கும், கூடவே கரகரப்பும் வரும். பயஸுக்குப் பிறகே பதிவு மட்டமும் ஈக்யூவும். இந்தச் சரிசெய்தலையெல்லாம் இயந்திரம் அரை மணி நேரம் சூடான பின் தொடங்குங்கள். திருகுவதற்கு சிம் லிம் டவரில் பிளாஸ்டிக் திருப்புளி கிடைக்கும்.

மிருதங்கத்துக்கு மீட்டரை நம்பாதீர்கள். அந்த முள் மெதுவானது. சாப்பு விழுந்து முடிந்த பிறகே எழும். தம்புராவை 0 வரை விடலாம், மிருதங்கத்தை −6க்கு மேல் விடமாட்டேன். பதிந்த சுருளைத் திருப்பிச் சுற்றாமல் வால் வெளியே இருக்கும்படி வைப்பேன். அப்போதுதான் அடுத்த சுற்றில் ஏறும் காந்த நிழல் பெரும்பாலும் அடி விழுந்த பின் வந்து அதன் ஒலியிலேயே மறையும். முன்னால் வந்தால் மௌனத்தில் காதில் விழும்.

ஒவ்வொரு சுருளின் தொடக்கத்திலும் 1 கிலோஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் ஒலிகளைப் பதியுங்கள். டேப் வகை, வேகம், மட்டம், ஈக்யூ முறை நான்கையும் பெட்டிமேல் எழுதுங்கள். நாளை வேறோர் இயந்திரத்தில் அதைத் திறப்பவருக்கு நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள்.