கோல்ப் ஆட்டமும் உடலியக்கமும்

கோல்ப் என்னும் குழிப்பந்தாட்டம் துரைமார் ஆடுவது. நம் பிள்ளைகளுக்கு அதில் என்ன வேலை என்று எண்ணும் பெற்றோர் இன்றும் உளர். அவ்வெண்ணத்திற்குக் காரணமும் உண்டு. ஸ்காட்லாந்தில் வளர்ந்த இவ்வாட்டத்தை இந்நாட்டிற்குக் கொணர்ந்தோர் ஆங்கிலேயரே. கோலாலம்பூரில் சிலாங்கூர் கோல்ப் மன்றம் 1893ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது. தோட்டத் துரைமாரும் தம் பொழுதுபோக்கிற்கென ஆங்காங்கே ஒன்பது குழித் திடல்களை அமைத்துக்கொண்டனர். நம்மவர் அத்திடல்களில் புல் வெட்டினர். ஆடுவோரின் பையைச் சுமந்தனர். புதரில் விழுந்த பந்தைத் தேடி எடுத்துக் கொடுத்தனர். ஆயினும் காலம் அங்கேயே நின்றுவிடவில்லை. இராமையா, குணசேகரன் போன்றோர் தொழில்முறை ஆட்டக்காரர்களாகி, அயல்நாட்டுத் திடல்களிலும் ஆடினர். 2016ஆம் ஆண்டு முதல் இவ்வாட்டம் மீண்டும் ஒலிம்பிக் போட்டிகளில் இடம் பெற்றுள்ளது. ஆகவே நம் மாணவர் வளைந்த கழியொன்றை எடுத்துக்கொண்டு பள்ளித் திடலோரம் பந்தடித்துப் பழகுவதை நாம் வீண் விளையாட்டெனத் தள்ளிவிடுவதற்கில்லை. அடிப்பதை முறையாக அடிக்கக் கற்றுக்கொடுப்பதே நாம் செய்யத்தக்கது.

மாணவச் செல்வங்களே! நீங்கள் அடிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். பல்லைக் கடித்துக்கொண்டு, தோளை உயர்த்தி, கையின் முழு வலிமையையும் காட்டி ஓங்கி அடிக்கிறீர்கள். பந்தோ பத்தடி தள்ளிப் புல்லில் உருளுகிறது. அல்லது வலப்புறமாக வளைந்து கால்வாயில் விழுகிறது. உடனே, கையில் வலிமை போதவில்லை என்று எண்ணி, இன்னும் ஓங்கி அடிக்கிறீர்கள். குறை வலிமையில் இல்லை. கடைசியாக வேலை செய்யவேண்டிய கை முதலில் வேலை செய்வதே குறை.

நால்வர் கைகோத்து வரிசையாக நின்று வட்டமாகச் சுற்றும் விளையாட்டை நீங்கள் அறிவீர்கள். நடுவில் நிற்பவன் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்புகிறான். கடைசியில் நிற்பவனோ கால் தரையில் பாவாமல் ஓடவேண்டியவனாகிறான். கோல்ப் வீச்சும் அத்தகையதே. இடுப்பு நடுவில் நிற்பவன். மட்டையின் தலை கடைசிப் பிள்ளை. தேர்ந்த ஆட்டக்காரர் நெடுந்தொலைவு அடிக்கும் மட்டையை வீசுகையில் அதன் தலை மணிக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அவர் கைகளின் வேகம் அதில் ஒரு சிறு பகுதியே. 1968ஆம் ஆண்டில் காக்ரன், ஸ்டாப்ஸ் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு நூலொன்று, கையையும் மட்டையையும் மணிக்கட்டில் இணைக்கப்பட்ட இரண்டு ஊசல்களாகக் கொண்டு இதனை விளக்கிற்று.

இனி, வலக்கைப் பழக்கமுடையோர் அடிக்கும் முறையைச் சொல்லுவோம். இடக்கையர் இதனை மாற்றிக் கொள்க.

பந்தை அனுப்பவேண்டிய திசைக்கு இடத்தோளைக் காட்டி நில்லுங்கள். கால்களைத் தோளகலம் விரித்து, முழங்காலைச் சிறிது தளர்த்தி, இடுப்பு மூட்டிலிருந்து முன்குனியுங்கள், முதுகு வளையலாகாது. மட்டையை நழுவாத அளவிற்குப் பிடித்தால் போதும். இறுக்கிப் பிடித்தால் முன்கை மரத்துவிடும். பிறகு உடலை வலப்புறம் திருப்புங்கள். தோள்கள் ஏறத்தாழ 90 பாகையும், இடுப்பு அதில் பாதியளவும் திரும்பும். உடலின் எடை வலக்காலின் உட்புறத்தில் தங்கும். மட்டை தானே மேலே போகும். அதனைத் தனியே தூக்கவேண்டியதில்லை.

இறக்கும்போதுதான் எல்லாம் கெடுகிறது. மட்டை உச்சியை அடைந்ததும், முதலில் இடக்கால் தரையை அழுத்தவேண்டும். அதைத் தொடர்ந்து இடுப்பு இடப்புறம் திரும்பவேண்டும். அதன் பின் மார்பு, அதன் பின் புயங்கள், எல்லாவற்றிற்கும் கடைசியாக மணிக்கட்டு. முன்னது தன் வேகத்தை அடுத்ததற்குக் கொடுத்துவிட்டுத் தான் தணிகிறது. பென் ஹோகன் என்னும் அமெரிக்க ஆட்டக்காரர் 1957ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், இறக்கும் வீச்சை இடுப்பே தொடங்கவேண்டுமென்று வற்புறுத்தினார். தோளும் கையும் முந்திக்கொண்டால் மட்டை வெளிப்புறத்திலிருந்து குறுக்கே வெட்டி வரும். பந்து கால்வாய்க்குப் போவது பெரும்பாலும் அதனாலேயே.

பந்து மட்டையின்மேல் பட்டிருக்கும் நேரம் எவ்வளவு என்று எண்ணுகிறீர்கள்? ஒரு விநாடியை 2,000 கூறாக்கினால் அதில் ஒரு கூறு. அவ்வேளையில் எதனையும் திருத்த எவராலும் இயலாது.

இம்முறையைக் கற்க நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. பால்மரம் சீவும் தாயாரைக் கூர்ந்து பாருங்கள். அவர் மணிக்கட்டால் உளியை இழுப்பதில்லை. மரத்தையொட்டி அடியெடுத்து வைத்து, உடலின் நகர்ச்சியோடு உளியை நடத்துகிறார். நெடுங்கழியில் கட்டிய அரிவாளால் செம்பனைக் குலை அறுப்பவரும் காலை ஊன்றி உடலால் இழுக்கிறாரேயன்றி, கையால் மட்டும் இழுப்பதில்லை. கையால் இழுப்பவருக்கு நண்பகலுக்குள் தோள் ஓய்ந்துவிடும் என்பதைப் பெற்றோர் நம்மைவிட நன்கறிவர். துரைமார் பணம் கொடுத்துக் கற்ற பாடத்தில் ஒரு பாதி நம் வீடுகளில் முன்பே இருக்கிறது.

முதுகைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கோல்ப் ஆடுவோரைப் பெரிதும் வருத்துவது கீழ்முதுகு வலியே. கீழ்முதுகெலும்பு மிகச் சிறிதளவே முறுக்கிக்கொள்ளும். திரும்பும் வேலை இடுப்பு மூட்டுக்கும் மேல்முதுகிற்கும் உரியது. இடுப்பை அசையாமல் நிறுத்தி, இடையை மட்டும் முறுக்கி வீசுவோர் இளமையில் தப்பினாலும் பின்னர் வருந்த நேரும். டைகர் உட்ஸ் போன்ற பேராட்டக்காரரே முதுகில் பலமுறை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். 2017ஆம் ஆண்டில் அவருடைய முதுகெலும்பின் இரு எலும்புகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. 2019ஆம் ஆண்டில் அவர் மாஸ்டர்ஸ் போட்டியை மீண்டும் வென்றது வேறு செய்தி. தலையை அசைக்காதே என்று அதட்டுவதும் ஓரளவிற்கே சரி. தலை இரு கால்களுக்கும் இடையில் இருந்தால் போதும். கல்லைப் போல நிறுத்த முயன்றால் உடல் முழுவதும் இறுகிவிடும்.

பயிற்சிக்கு மட்டை வேண்டுவதில்லை. ஒரு துடைப்பக் கட்டை போதும். முதலில் அதனைத் தோள்களின் குறுக்கே வைத்து, இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, வலப்புறமும் இடப்புறமும் திரும்பிப் பழகுங்கள். நாளைக்கு இருபது முறை போதும். திரும்பி முடிக்கையில் வயிறு பந்து போகும் திசையை நோக்கவேண்டும், வலக்குதிகால் எழும்பியிருக்கவேண்டும், உடலின் எடை இடக்காலில் நிற்கவேண்டும். தள்ளாடாமல் மூன்று எண்ணும்வரை அப்படியே நிற்க இயன்றால் கால்கள் தம் வேலையைச் செய்தன என்று கொள்ளலாம்.

அடுத்து, அதே கட்டையை மட்டைபோல் பிடித்து, எவரும் அருகில் இல்லாத வெளியில் வீசுங்கள். காற்றைக் கிழிக்கும் ஒலி எழும். அவ்வொலி எங்கே கேட்கிறது என்று கவனியுங்கள். வலத்தோளருகே கேட்டால் கை முந்திவிட்டது. வேகம் பந்தை அடையுமுன்பே தீர்ந்துவிட்டது. பந்து இருக்கவேண்டிய இடத்தைக் கடந்து, இடக்காலுக்கு நேராக ஒலி எழும்வரை மெதுவாகவே வீசிப் பழகுங்கள். தொடக்கத்தில் தம்பி தங்கையரைச் சற்றுத் தொலைவில் நிறுத்தி ஒலி வந்த இடத்தைக் கேட்டறிவது நன்று. வீசுகின்றவன் காது தனக்கு வேண்டியதையே கேட்கும்.