வெள்ளி முலாமும் வானொலிப் பெருக்கியும்



உங்கள் வீட்டுப் பரணில் பாட்டி காலத்துப் பித்தளைப் பாத்திரம் இருந்தால் அதை எடுத்து உற்றுப் பாருங்கள். வெளிப்புறம் மஞ்சளாக இருக்கும். உட்புறமோ வெண்மையாக இருக்கும். முன்பெல்லாம் ஈயம் பூசுபவர் தெருவுக்கு வருவார். பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத் தூளைத் தூவி, சிறிதளவு வெள்ளீயத்தை உருக்கி, உட்புறம் முழுவதும் பரவும்படி துணியால் துடைத்துவிடுவார். அந்தப் பூச்சு மிக மெல்லியது. ஆயினும் புளிக்குழம்பு பித்தளையைத் தொடாமல் அது காத்துவந்தது. பாத்திரம் முழுவதையும் வெள்ளீயத்தால் செய்யத் தேவையில்லை. ஏனெனில் குழம்பு தொடுவது மேற்பரப்பை மட்டுமே!

அமெச்சூர் வானொலி அன்பர்களும் இதைப் போன்ற ஒரு வேலையைச் செய்கிறார்கள். இவர்கள் அரசுத் தேர்வு எழுதி, உரிமம் பெற்று, தம் சொந்த நிலையத்திலிருந்து தொலைதூர நண்பர்களுடன் பேசுபவர்கள். ஒலிபரப்பியிலிருந்து வரும் சில வாட் ஆற்றலைப் பல நூறு வாட்டாக உயர்த்துவதற்குப் பெருக்கி என்னும் கருவி உதவுகிறது. அதன் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்களும், தகடுகளும், தொடுமுனைகளும் பல சமயம் வெள்ளி போல மின்னும். அவை செம்பாலோ பித்தளையாலோ ஆனவை. மேலே வெள்ளி முலாம் பூசப்பட்டவை.

ஏன் வெள்ளி பூச வேண்டும்? எவ்வளவு கனமாகப் பூச வேண்டும்? வீட்டிலேயே பூச முடியுமா? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

மேற்பரப்பில் ஓடும் மின்னோட்டம்

நம் வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைகிறது. இது கம்பியின் முழுக் கனத்திலும் ஏறக்குறைய சீராகப் பரவி ஓடுகிறது. வானொலிப் பெருக்கியில் ஓடும் மின்னோட்டமோ நொடிக்குப் பல இலட்சம், பல கோடி முறை அலைகிறது. இவ்வளவு விரைவாக மாறும் மின்னோட்டம் தன்னைச் சுற்றி அதே விரைவில் மாறும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அந்தக் காந்தப் புலம் கம்பிக்குள் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. கம்பியின் நடுவில் இவை முதன்மை மின்னோட்டத்தை எதிர்க்கின்றன. ஓரத்தில் அதற்குத் துணை செய்கின்றன. ஆகவே நடுப்பகுதி வெறுமையாகிறது. மின்னோட்டம் வெளிப்புறத்தில் ஒரு மெல்லிய தோலில் மட்டுமே ஓடுகிறது. இதற்குத் 'தோல் விளைவு' என்று பெயர். 1883இல் ஹோரேஸ் லாம்ப் என்னும் கணித அறிஞர் கோள வடிவக் கடத்திகளுக்கு இதை விளக்கினார். 1885இல் ஆலிவர் ஹெவிசைடு எல்லா வடிவக் கடத்திகளுக்கும் விரிவுபடுத்தினார்.

மின்னோட்டச் செறிவு மேற்பரப்பில் இருப்பதைப் போல 37 விழுக்காடாகக் குறையும் ஆழத்தைத் 'தோல் ஆழம்' என்பர். வெள்ளிக்கு இதைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. அதிர்வெண்ணை மெகாஹெர்ட்ஸில் எழுதி, அதன் வர்க்கமூலத்தால் 64ஐ வகுத்தால் போதும். விடை மைக்ரோமீட்டரில் கிடைக்கும். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

50 ஹெர்ட்ஸ்: சுமார் 9 மில்லிமீட்டர்
7 மெகாஹெர்ட்ஸ்: 24 மைக்ரோமீட்டர்
144 மெகாஹெர்ட்ஸ்: 5.3 மைக்ரோமீட்டர்

நம் தலைமுடியின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். 144 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் ஓடும் தோல் அதைவிட எவ்வளவு மெல்லியது, பார்த்தீர்களா! இப்போது ஈயப் பூச்சு நினைவுக்கு வருகிறதல்லவா? கம்பி முழுவதும் வெள்ளியாக இருக்க வேண்டியதில்லை. தோல் வெள்ளியாக இருந்தால் போதும்.

வெள்ளியால் எவ்வளவு இலாபம்?

எல்லா உலோகங்களிலும் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. ஆனால் செம்பும் அதற்கு மிக அருகிலேயே நிற்கிறது. செம்பின் மின்தடை எண் 1.68 என்றால் வெள்ளியின் மின்தடை எண் 1.59 மட்டுமே. வேறுபாடு சுமார் 5 விழுக்காடு. பித்தளையின் மின்தடை எண்ணோ செம்பைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்தடை எண் நான்கு மடங்கானால் தோல் ஆழம் இரண்டு மடங்காகிறது. அதாவது மின்னோட்டத்துக்கு இரு மடங்கு கனமான பாதை கிடைக்கிறது. ஆகவே பித்தளையின் உயர் அதிர்வெண் தடை செம்பைப் போல நான்கு மடங்கு ஆவதில்லை. இரண்டு மடங்குதான் ஆகிறது. இதே கணக்குப்படி வெள்ளிக்கும் செம்புக்கும் உள்ள வேறுபாடு 5 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

ஒரு பெருக்கியின் செம்புச் சுருளில் 20 வாட் வெப்பமாக வீணாகிறது என்று கொள்வோம். அதே சுருளைப் பித்தளையில் செய்தால் 40 வாட் வீணாகும். செம்பின் மேல் தக்க கனத்தில் வெள்ளி பூசினால் 19½ வாட் வீணாகும். பித்தளையின் மேல் அதே கனத்தில் பூசினாலும் அதே 19½ வாட்தான்! செம்பின் மேல் பூசியவருக்கு அரை வாட் இலாபம். பித்தளையின் மேல் பூசியவருக்கு 20 வாட்டுக்கு மேல் இலாபம். "வெள்ளி பூசினால் பெருக்கி பிரமாதமாகிவிடும்" என்று யாராவது சொன்னால், "எந்த உலோகத்தின் மேல்?" என்று கேளுங்கள்.

செம்பின் மேல் வெள்ளி பூசுவது வீண்தானா? அப்படியும் சொல்ல முடியாது. இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில், அதாவது சுவிட்சு முனைகளிலும், கவ்விகளிலும், வழுக்கும் தொடுமுனைகளிலும் செம்பின் ஆக்சைடு தொல்லை தரும். அந்த இடங்களில் மெல்லிய வெள்ளிப் பூச்சும் நல்ல பயன் தருகிறது.

எவ்வளவு கனம் வேண்டும்?

மின்னோட்டத்தில் 95 விழுக்காடு மூன்று தோல் ஆழத்துக்குள் அடங்கிவிடுகிறது. எனவே மூன்று மடங்கு கனம் இருந்தால் நிறைவு. 144 மெகாஹெர்ட்ஸுக்கு இது 16 மைக்ரோமீட்டர். 7 மெகாஹெர்ட்ஸுக்கோ 72 மைக்ரோமீட்டர். அவ்வளவு கனமாகப் பூசுவதைவிட முதலிலேயே செம்புக் குழாயில் சுருளைச் செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

இவ்வளவு வெள்ளி படிய எவ்வளவு மின்சாரம் தேவை? இதற்கு மைக்கேல் ஃபாரடேயின் மின்பகுப்பு விதி விடை சொல்கிறது. 1 ஆம்பியர் மின்னோட்டம் 1 மணி நேரத்தில் சுமார் 4 கிராம் வெள்ளியைப் படிய வைக்கும். 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் 16 மைக்ரோமீட்டர் கனம் என்றால் கன அளவு 0.16 கன சென்டிமீட்டர். வெள்ளியின் அடர்த்தி 10.5. ஆகவே வெள்ளியின் எடை சுமார் 1.7 கிராம். அரை ஆம்பியரில் ஏறத்தாழ 50 நிமிட வேலை. இவ்வளவு சிறிதளவு வெள்ளிதானா என்று வியப்பாக இல்லையா?

வீட்டில் செய்யக் கூடாதது

அப்படியானால் பாட்டரியும் வெள்ளிக் காசும் கொண்டு வீட்டிலேயே மின்முலாம் பூசலாமே என்று தோன்றும். இங்கேதான் எச்சரிக்கை தேவை. 1840இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் எல்கிங்டன் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றுவிட்ட சகோதரர்கள் காப்புரிமை பெற்ற முறையில் சயனைடு உப்புக் கரைசல் பயன்பட்டது. பட்டறைகளில் இன்றும் பெரும்பாலும் அதுவே பயன்படுகிறது. வெள்ளி சீராகவும் உறுதியாகவும் படிய அது மிக ஏற்றது. ஆனால் கொடிய நஞ்சு. அதில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு என்னும் உயிர்கொல்லி வாயு வெளிப்படும். பித்தளையைத் துலக்கப் பயன்படும் புளியிலும் எலுமிச்சையிலும் இருப்பது அமிலம்தானே! முறையான காற்றோட்டமும் பயிற்சியும் உள்ள பட்டறைக்கே அது உரியது. வீட்டிலோ பள்ளியிலோ சயனைடைத் தொடவே கூடாது.

வெள்ளி நைட்ரேட்டுடன் அம்மோனியா சேர்த்த கரைசலையும் செய்து வைக்க வேண்டாம். நாளாக ஆக, தொட்டாலே வெடிக்கும் பொருள் அதில் உண்டாகலாம்.

செய்து பார்க்கக் கூடியது

மின்சாரம் இல்லாமலே மெல்லிய வெள்ளிப் பூச்சுப் பூச ஒரு பழைய முறை உண்டு. கடிகாரங்களின் பித்தளை முகப்பை வெண்மையாக்க இம்முறை கையாளப்பட்டது. இதை வேதியியல் ஆசிரியரின் மேற்பார்வையில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்யுங்கள். வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டால் கருங்கறை ஏற்படும். கண்ணில் பட்டால் பெருந்தீங்கு விளையும்.

1. ஒரு சிறு பித்தளைத் துண்டை நுண்ணிய உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். பின் புளியால் துலக்கி, சோப்பால் கழுவி, நீரில் நனைத்து எடுங்கள். நீர் ஒரே படலமாக நின்றால் பரப்பு தூய்மையானது. துளித்துளியாகப் பிரிந்தால் எண்ணெய்ப் பசை இன்னும் இருக்கிறது, மீண்டும் கழுவுங்கள். விரலால் தொடாதீர்கள்.

2. 2 கிராம் வெள்ளி நைட்ரேட்டை 50 மில்லிலிட்டர் வாலை வடிநீரில் கரையுங்கள். பாட்டரிக்கு ஊற்றும் நீர் போதும். இதில் சிறிது உப்புக் கரைசலை ஊற்றினால் தயிர் போன்ற வெள்ளி குளோரைடு அடியில் படியும். மேல் நீரை இறுத்துவிட்டு, படிவை இருமுறை கழுவுங்கள்.

3. இந்தப் படிவு ஒரு பங்கு, ரொட்டிக்கடைச் சாமான் விற்கும் இடத்தில் கிடைக்கும் கிரீம் ஆஃப் டார்ட்டார் இரண்டு பங்கு, சமையல் உப்பு மூன்று பங்கு, சிறிது நீர் ஆகியவற்றைச் சேர்த்துக் குழைத்துக்கொள்ளுங்கள்.

4. ஈரத் துணியால் இந்தக் குழம்பைப் பித்தளைமேல் வட்டமாகத் தேயுங்கள். சில நிமிடங்களில் மஞ்சள் நிறம் மறைந்து வெண்மை படரும். நீரில் கழுவி, சமையல் சோடாக் கரைசலில் அலசி, மீண்டும் கழுவித் துடையுங்கள்.

இங்கே என்ன நிகழ்ந்தது? பித்தளையில் உள்ள செம்பும் துத்தநாகமும் வெள்ளியைவிட எளிதில் கரைபவை. அவை கரைந்து, வெள்ளியை அதன் சேர்மத்திலிருந்து வெளியேற்றித் தம் இடத்தில் அமர்த்துகின்றன. பரப்பு முழுவதும் வெள்ளியால் மூடப்பட்டதும் கரைவதற்கு உலோகம் வெளியே தெரிவதில்லை. வேலை தானாகவே நின்றுவிடுகிறது. எனவே எவ்வளவு நேரம் தேய்த்தாலும் இந்தப் பூச்சு ஒரு மைக்ரோமீட்டரைக்கூட எட்டுவதில்லை.

இப்போது நம் கணக்கை நினைவுகூருங்கள். 144 மெகாஹெர்ட்ஸுக்குத் தேவை 16 மைக்ரோமீட்டர். நாம் பூசியது அதில் மிகச் சிறு பங்கு. துண்டு வெள்ளியைப் போலப் பளபளத்தாலும் மின்னோட்டத்தின் பெரும்பகுதி அடியிலுள்ள பித்தளையில்தான் ஓடும். கண்ணுக்கு வெள்ளி, மின்னோட்டத்துக்குப் பித்தளை! தொடுமுனைகளுக்கு இந்தப் பூச்சு போதும். சுருளுக்கும் தகட்டுக்கும் போதாது. அவற்றைப் பட்டறையில் கொடுத்துத்தான் பூச வேண்டும்.

பட்டறைக்காரரிடம் இரண்டு செய்திகளைச் சொல்ல மறக்கக் கூடாது. ஒன்று, வேண்டிய கனம். மற்றொன்று, வெள்ளிக்கு அடியில் நிக்கல் பூச வேண்டாம் என்பது. பாத்திரங்களுக்கு நிக்கல் அடிப்பூச்சு பளபளப்பைத் தரும். ஆனால் நிக்கல் காந்தத் தன்மை உடையது, மின்தடையும் மிகுதி. மேலே உள்ள வெள்ளி மெல்லியதாக இருந்தால் மின்னோட்டம் நிக்கலில் சிக்கி வெறும் பித்தளையைவிட அதிக ஆற்றல் வீணாகலாம்.

வெள்ளி நாளடைவில் கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆக்சைடு அன்று. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் உண்டாகும் வெள்ளி சல்பைடு. அடிக்கடி தேய்த்துத் துலக்கினால் கறுப்போடு முலாமும் போய்விடும்.

மிஞ்சிய குழம்பையும் கழுவிய நீரையும் சாக்கடையில் கொட்டாதீர்கள். வெள்ளி உப்புகள் மீன்களுக்கு நஞ்சு. சிறிது உப்பிட்டுத் தெளியவிட்டு, படிவை ஒரு கருநிறப் புட்டியில் சேமித்து வையுங்கள்; மீண்டும் பயன்படும்.

இறுதியாக ஒரு சொல். பெருக்கியினுள் ஆயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கக் கூடும். மின்சாரத்தை நிறுத்திய பின்பும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருந்து உயிரைப் பறிக்கும். ஆகவே அனுபவமுள்ள பெரியவர் கழற்றித் தந்த பாகத்தை மட்டுமே கையில் எடுங்கள்.

சிந்திக்க:

1. 400 மெகாஹெர்ட்ஸில் வெள்ளியின் தோல் ஆழம் எவ்வளவு? மூன்று மடங்கு கனம் எவ்வளவு?

2. 50 சதுர சென்டிமீட்டர் பரப்பில் 10 மைக்ரோமீட்டர் கனத்துக்கு எத்தனை கிராம் வெள்ளி தேவை?

(விடைகள்: 1. 3.2 மைக்ரோமீட்டர், 9.6 மைக்ரோமீட்டர். 2. சுமார் அரை கிராம்.)