மறைப்பது மருந்தாகாது: போதைப் பழக்கமும் குடும்பத்தின் கடமையும்

இரவு பத்து மணிக்கு மேல் ஓர் இளைஞரை அவருடைய தாயும் மாமாவும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வருகின்றனர். இரண்டு நாளாகக் காய்ச்சல் என்கிறார் தாய். காய்ச்சல் உண்மைதான். ஆனால் இளைஞர் முழுக்கைச் சட்டையை மடிக்க மறுக்கிறார். மடித்துப் பார்த்தால் முழங்கையின் உட்புறத்தில் சீழ்க்கட்டி. சுற்றிலும் ஊசித் தழும்புகள். தாய் தலைகுனிகிறார். மாமா எங்களைத் தனியே அழைத்து, "இதை எழுதிடாதீங்க டாக்டர், போலீசுக்குத் தெரிஞ்சா பையன் வாழ்க்கையே போயிடும்" என்கிறார்.

இத்தகைய காட்சியை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். நோயைவிட அதை மறைப்பதே மிகுந்த தீங்கு விளைவிக்கிறது என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

எவ்வளவு பெரிய சிக்கல்?

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை மீட்புச் சிகிச்சை மையம் நடத்திய நாடளாவிய ஆய்வை மத்திய சமூகநீதி அமைச்சகம் 2019இல் வெளியிட்டது. அதன்படி இந்தியாவில் ஏறத்தாழ 3.1 கோடிப் பேர் கஞ்சா வகைகளையும், 2.26 கோடிப் பேர் அபின் வகை மருந்துகளையும் பயன்படுத்துகின்றனர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருக்கிறார். சட்டவிரோதப் போதைப்பொருள்களுக்கு அடிமையானவர்களில் 20 பேருக்கு ஒருவரே உதவி பெற்றிருக்கிறார். எஞ்சியோர் வீட்டுக்குள்ளேயே மறைக்கப்படுகின்றனர்.

அபின் வகை என்றதும் ஹெராயினை மட்டும் எண்ண வேண்டாம். மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத டபென்டடால், டிரமடால் போன்ற வலிநீக்கி மாத்திரைகளும் அதே வழியில் மூளையில் செயல்படுகின்றன. நம் விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்கூடங்களில் சூளையருகே நின்று, மண்ணும் அச்சும் சுமந்து உழைப்போருக்கு முதுகுவலியும் தோள்வலியும் புதியவை அல்ல. நண்பர் கொடுத்த மாத்திரை என்று தொடங்கும் பழக்கம் சில வாரங்களில் மாத்திரையின்றி எழமுடியாத நிலையில் முடியலாம். மாத்திரையைப் பொடித்து நீரில் கரைத்து நரம்பில் ஏற்றும்போது, அதில் கலந்துள்ள மாவுப் பொருள்கள் நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கின்றன. ஊசியைப் பகிர்வதால் எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சிக் கிருமிகளும் பரவுகின்றன. இதய வால்வுகளிலும் கிருமித்தொற்று உண்டாகிறது.

குற்றம் இதன் அடுத்த படி. கூலி முழுவதும் போதைக்குப் போனபின் வீட்டு நகையும், பிறகு பிறர் பொருளும் போகின்றன. கடன்பட்டவரையே விற்பனைக்கு அனுப்புவது போதை வணிகர்களின் வழக்கம். ஆகவே, காலத்தே அளிக்கும் சிகிச்சை ஒருவரின் உடலை மட்டுமன்றி, அவர் குற்றத்தில் சிக்காமலும் காக்கிறது.

கள்ளக்குறிச்சி கற்பித்த பாடம்

2024 ஜூன் மாதம் நம் அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முதலில் இறந்தவரின் துக்க வீட்டுக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் கூறின. சாவுக்குக் காரணம் தெரியாதபோது நஞ்சு அடுத்தவரையும் அடைகிறது.

மெத்தனால் உடனே கொல்வதில்லை. கல்லீரல் அதனைச் சில மணி நேரத்தில் ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலமே பார்வை நரம்பை அழித்து, இரத்தத்தை அமிலமாக்குகிறது. அறிகுறிகள் தோன்ற 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். வயிற்றுவலி, வாந்தி, பனிமூட்டம் போல் மங்கும் பார்வை, வேகமான மூச்சு ஆகியவை எச்சரிக்கைகள். அமிலம் சேரும் முன்பே வந்தால் மாற்று மருந்தாலும் டயாலிசிஸாலும் உயிரையும் கண்ணையும் காக்க இயலும். சாராயம் குடித்ததை வெட்கத்தால் மறைத்து, வயிற்றுவலி என்று மட்டும் கூறினால் அந்தப் பொன்னான நேரம் வீணாகும்.

சட்டத்தை அஞ்ச வேண்டுமா?

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு உள்ளது. போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிய அளவில் வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமை நோயாளி, அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்பளித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அக்குற்றத்துக்காக அவர்மீது வழக்கு நடத்தக் கூடாது என்கிறது அப்பிரிவு. சிகிச்சையைப் பாதியில் கைவிட்டால் இப்பாதுகாப்பு விலக்கப்படலாம். விற்பனைக்கும் திருட்டுக்கும் இது பொருந்தாது. மேலும், 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் நலக்கேட்டையும் மனநோயாகவே கருதுகிறது. நோயாளியின் விவரங்களைக் காப்பது எங்கள் சட்டக் கடமை. நச்சுச் சாராயம் போன்ற நிகழ்வுகளில் மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தருவது முறை. அது நஞ்சின் ஊற்றைக் கண்டறிவதற்கே.

குடும்பத்தார் செய்யவேண்டியவை

1. மயங்கியவரின் மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனையளவு சுருங்கியிருந்தால் அபின் வகை மருந்து மிகையாகியிருக்கலாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108ஐ அழையுங்கள். நலோக்சோன் என்னும் ஊசி சில நிமிடங்களில் மூச்சை மீட்கும். வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

2. மாத்திரை அட்டை, ஊசி, பாட்டில், பொட்டலம் எது கிடைத்தாலும் உடன் கொண்டுவாருங்கள். எப்போது, எவ்வளவு உட்கொண்டார் என்பதை மறைக்காமல் கூறுங்கள்.

3. நெடுநாள் குடித்தவரை அறையில் பூட்டி, திடீரெனக் குடியை நிறுத்தச் செய்யாதீர்கள். இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் வலிப்பும் உயிருக்கு ஆபத்தான மனக்குழப்பமும் வரலாம். மருத்துவமனையில் மருந்துகளோடு பாதுகாப்பாக நிறுத்த இயலும்.

4. நோயாளிக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கும் குடிநிறுத்தப் பொடிகளை நம்பாதீர்கள்.

5. மீண்டும் ஒருமுறை வழுக்கினால் சிகிச்சை தோற்றதாக எண்ணாதீர்கள். சர்க்கரை நோய் போன்று இதுவும் நெடுநாள் கவனிப்பு வேண்டும் நோய். சில நாள் நிறுத்தியபின் பழைய அளவை எடுத்தால் உயிர்போகலாம் என்பதை மட்டும் நோயாளிக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

அண்ணாமலைநகரில் உள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

தொடக்கத்தில் கூறிய தாய் மறுநாள் காலை எங்களிடம் வந்து, எட்டு மாதமாகத் தமக்குத் தெரியும் என்றார். அன்றே தொடங்கியது உண்மையான சிகிச்சை. அந்த எட்டு மாதத்தை உங்கள் பிள்ளைக்கு மிச்சப்படுத்துங்கள். நாங்கள் கேட்கும் முதல் கேள்விக்கே உண்மையைச் சொல்லுங்கள். தீர்ப்பளிப்பது எங்கள் பணியன்று.