இரண்டாவது கையொப்பம்: புதுச்சேரிப் பிரெஞ்சுப் பாங்கி தரும் பாடம்

பாங்கி என்றவுடன் பெரிய கட்டிடமும், இரும்புப் பெட்டியும், பணம் எண்ணும் குமாஸ்தாக்களும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் பாங்கியின் உயிர் அவற்றில் இல்லை. யாரை நம்பிக் கடன் கொடுப்பது, அந்த நம்பிக்கைக்குப் பொறுப்பாளி யார் என்னும் இரண்டு கேள்விகளுக்கு அது அளிக்கும் விடையிலேயே அதன் உயிர் இருக்கிறது. புதுச்சேரிப் பட்டணத்தில் நடந்துவந்த ஒரு பிரெஞ்சுப் பாங்கியின் வரலாற்றைக் கொண்டு, கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் இதனை எளிதில் அறிந்துகொள்ளலாம்.

இந்தோசீனா பாங்கி

1875-ஆம் வருஷம் ஜனவரி 21-ஆம் தேதி பிறந்த அரசாணையின்படி, பாரிஸ் நகரத்தில் இந்தோசீனா பாங்கி ஏற்பட்டது. அந்நகரத்துப் பெரிய பாங்கிகளே இதனைத் தோற்றுவித்தன. ஆரம்ப மூலதனம் 80 லட்சம் பிராங்கு. கொச்சின்சீனாவிலும் பிரெஞ்சிந்தியாவிலும் நோட்டு வெளியிடும் உரிமை, முதலில் 20 வருஷத்திற்கு இதற்கு வழங்கப்பட்டது, பின்னர் நீட்டிக்கப்பட்டது. புதுச்சேரிக் கிளை 1877-இல் திறக்கப்பட்டது. பிரெஞ்சிந்தியாவில் ரூபாயே வழங்கி வந்தமையால், இங்கு வெளியான நோட்டுகளும் ரூபாய்க் கணக்கிலேயே இருந்தன.

நோட்டு என்பது ஒரு வாக்குறுதி. அதனைக் கொண்டுவருபவருக்கு அத்தொகையை நாணயமாகத் தருவதாகப் பாங்கி உறுதி கூறுகிறது. வழங்கும் நோட்டுகளின் தொகை, பாங்கியில் உள்ள நாணய இருப்பைப்போல் மூன்று மடங்குக்கு மேற்படலாகாது என்பது விதி. அதாவது, 3 ரூபாய் நோட்டுக்கு 1 ரூபாய் நாணயமேனும் பெட்டியில் இருத்தல் வேண்டும். மற்ற 2 ரூபாய்க்கு ஈடு யாது? கடன் பெற்றவர்கள் தவணை தவறாமல் திருப்பிக் கொடுப்பார்கள் என்பதே. ஆதலால் கடன் கொடுப்பதில் பாங்கி மிகுந்த கண்டிப்புக் காட்டியதில் வியப்பில்லை.

இரண்டு கையொப்ப விதி

இப்பாங்கி உண்டியல்களின் பேரில் பணம் கொடுக்கும்போது, ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு பேருடைய கையொப்பம் கேட்டது. ஒருவர் கடனாளி, மற்றவர், அவர் கொடாவிடில் தாம் கொடுப்பதாக ஒப்புக்கொள்பவர். இருவரும் பாங்கிக்கு அறிமுகமான, சொத்துடைய மனிதராக இருத்தல் வேண்டும். கிடங்கில் உள்ள சரக்கு முதலியவற்றை ஈடு காட்டினால், ஒரு கையொப்பம் குறையலாம்.

ஏற்றுமதி வியாபாரிக்கு இவ்விதி தடையன்று. அவர் கிடங்கில் சரக்கு உண்டு. அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்யும் வேறொரு வியாபாரி கையொப்பமிடுவார். நாலைந்து காணி நிலமுடைய குடியானவருக்கோ இரண்டாவது கையொப்பம் இடுவார் யார்? அவருடைய அயலாரும் அவரைப் போன்ற குடியானவரே. அவருடைய கையொப்பத்திற்குப் பட்டணத்தில் மதிப்பில்லை.

குடியானவர் கொடுத்த விலை

தென்னார்க்காட்டு மணிலாக்கொட்டை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செயில் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கு ஏராளமாகச் சென்றது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதை 1879-இல் திறக்கப்பட்டது. இவ்வகை வியாபாரத்தில், பாங்கியில் கடன் பெறத்தக்கவர் ஏற்றுமதி வியாபாரி. அவருக்கும் குடியானவருக்கும் இடையே உள்ளூர் வியாபாரியும் தரகரும் நின்றனர். விதைப்புக் காலத்தில் முன்பணம் வாங்கிய குடியானவர், விளைந்த கொட்டையை முன்பணம் கொடுத்தவருக்கே விற்க வேண்டியவரானார்.

இதன் நஷ்டத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒருவர் 100 ரூபாய் முன்பணம் பெற்று, 4 மாதம் கழித்து 20 மூட்டை கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்தை விலை மூட்டைக்கு 10 ரூபாய். வியாபாரி அளிப்பது 9 ரூபாய். வட்டி என்று ஒரு காசும் எழுதப்படவில்லை. ஆனால் 20 மூட்டைக்கு 20 ரூபாய் குறைந்தது. 4 மாதத்திற்கு நூற்றுக்கு 20 என்றால் வருஷத்திற்கு நூற்றுக்கு 60 ஆகிறது. இரண்டாவது கையொப்பம் இல்லாதவர் அதற்குக் கொடுத்த விலை இதுவே.

பிரான்சுக் குடியானவர் கண்ட வழி

இத்துன்பம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரான்சிலும் தலைமைப் பாங்கியாகிய பிரான்சு பாங்கி மூன்று கையொப்பங்களைக் கேட்டது. தவணையும் மூன்று மாதத்திற்கு மேற்படாது. பயிரோ அதற்குள் விளைவதில்லை. 1885-இல் ழூரா மலைநாட்டைச் சேர்ந்த பொலிஞி வட்டாரத்தில், குடியானவர்களுக்கென ஒரு கடன் சங்கம் ஏற்பட்டது. 1894-ஆம் வருஷத்துச் சட்டம் இத்தகைய உள்ளூர்ச் சங்கங்களுக்கு வழிவகுத்தது. 1897-இல் நோட்டு வெளியிடும் உரிமையைப் புதுப்பித்தபொழுது, பிரான்சு பாங்கி சர்க்காருக்கு 4 கோடிப் பிராங்கு வட்டியின்றிக் கொடுக்க நேர்ந்தது. அத்தொகை விவசாயக் கடனுக்கு ஒதுக்கப்பட்டது. 1899-இல் பிரதேசச் சங்கங்களுக்கும் சட்டம் பிறந்தது.

இவ்வேற்பாட்டின் நுட்பம் கவனிக்கத்தக்கது. குடியானவர் இடுவது முதல் கையொப்பம். உள்ளூர்ச் சங்கத்தினுடையது இரண்டாவது. பிரதேசச் சங்கத்தினுடையது மூன்றாவது. விதி தளர்த்தப்படவில்லை, விதியை நிறைவேற்றும் வலிமையைக் குடியானவர்கள் ஒன்றுசேர்ந்து தமக்குத் தாமே உண்டாக்கிக்கொண்டனர்.

இதன் முடிவு இன்னும் வியக்கத்தக்கது. 1954-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டபின், இந்தோசீனா பாங்கியின் ரூபாய் நோட்டுகள் வழக்கொழிந்தன. 1975-இல் அப்பாங்கி சூயஸ் பாங்கியுடன் இணைந்து இந்தோசூயஸ் என்று பெயர் பெற்றது. 1996-இல் அதனை விலைக்கு வாங்கியது, மேற்கூறிய கிராமச் சங்கங்களிலிருந்து வளர்ந்த கிரெதி அக்ரிகோல் என்னும் விவசாயப் பாங்கியே ஆகும்.

நம் நாட்டில்

ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் 1864-இல் ஹெட்டஸ்டார்ப் என்னும் ஊரில் குடியானவர் கடன் சங்கம் நிறுவினார். சொத்தால் சிறியவர்களாயினும், எல்லாரும் எல்லாருடைய கடனுக்கும் பொறுப்பேற்றால் அக்கூட்டுப் பொறுப்பே பெரிய ஜாமீன் ஆகும் என்பது அவர் கொள்கை. சென்னை மாகாண சர்க்காரின் கட்டளைப்படி பிரடெரிக் நிக்கல்சன் ஐரோப்பியச் சங்கங்களை ஆராய்ந்து, 1895-இலும் 1897-இலும் அறிக்கை சமர்ப்பித்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறிற்று. அவ்வருஷத்திலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் சங்கம் பதிவாயிற்று.

இன்று தமிழ்நாட்டில் கிராமச் சங்கம், மாவட்ட மத்திய பாங்கி, மாநிலத் தலைமைப் பாங்கி என மூன்று படிகள் உள்ளன. புதுச்சேரியிலும் மாநிலக் கூட்டுறவு பாங்கி இயங்கி வருகிறது. அங்கத்தினரின் பொறுப்பு இக்காலத்தில் பெரும்பாலும் பங்குத் தொகையளவில் வரையறுக்கப்பட்டுள்ளது. எனினும், ஒருவர் கடனுக்கு மற்றவரின் நாணயம் துணை நிற்கும் அடிப்படை மாறவில்லை.

அங்கத்தினர் கடமை

ஒருவர் வசதியிருந்தும் தவணை தவறுவாராயின், அவர் கெடுப்பது தம் கணக்கை மட்டுமன்று; சங்கத்தின் கையொப்பத்தின் மதிப்பையே கெடுக்கிறார். மேற்படிப் பாங்கி அடுத்த பருவத்தில் பணம் கொடுக்கத் தயங்கும். அப்பொழுது ஒழுங்காகச் செலுத்திய அயலாரும் விதைப்புக் காலத்தில் வியாபாரியின் வாயிற்படியில் நிற்க நேரும். மழை பொய்த்தோ பயிர் நோயுற்றோ செலுத்த இயலாதவர், தவணைக்கு முன்பே சங்கத்தில் தெரிவித்து நீடிப்புக் கோருதல் முறையாகும். மறைத்தல் ஒருபோதும் தகாது.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டியவை:

1. நம் சங்கத்தில் தவணை கடந்து நிற்கும் தொகை எவ்வளவு? அதில் பயிர் பொய்த்தமையால் நின்றது எவ்வளவு, அசட்டையால் நின்றது எவ்வளவு?

2. அங்கத்தினரில் எத்தனை பேர் இன்னும் முன்பணத்திற்கு விளைச்சலைக் கட்டிக் கொடுக்கின்றனர்? அவர்கள் பெறும் விலை சந்தை விலைக்கு எவ்வளவு குறைவு?

3. சங்கம் கொடுக்கும் கடன் விதைப்புக்கு முன் கைக்கு வருகிறதா? தாமதமாயின், காரணம் யாது?