மிதிவண்டிக் கைப்பிடியை உடலுக்கேற்ப அமைப்போம்

பால்மரம் வெட்டும் தொழிலாளிக்குக் கையே மூலதனம். அக்கையைக் காப்பதில் மிதிவண்டிக்கும் பங்குண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. செலாயாங் வட்டாரமாயினும் தொலைதூரத் தோட்டமாயினும், தந்தை வாங்கிய சைக்கிளை மகன் ஓட்டுவது நம்மிடையே வழக்கம். வண்டி கைமாறுகிறது, கைப்பிடியோ முதலில் ஓட்டியவரின் அளவிலேயே நின்றுவிடுகிறது.

தவறான அமைப்பின் தீமைகள்

கைப்பிடி மிகத் தாழ்ந்திருந்தால் உடலின் எடை உள்ளங்கைகளின்மீது விழும். உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கமாகச் செல்லும் நரம்பு அழுந்தி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். இது நாள்தோறும் தொடர்ந்தால் கையின் வலிமையே குறையக்கூடும். கழுத்தும் இடுப்பும் நோகும்.

அளவுக்கு மேல் உயர்த்துவதும் நன்றன்று. பின்புறம் பால் வாளியோ அரிசி மூட்டையோ ஏற்றியிருக்கும்போது முன்சக்கரம் இலேசாகி, மேடு ஏறுகையில் தள்ளாடும்.

அளவு அறியும் முறை

முதலில் இருக்கையைச் சரிசெய்தல் வேண்டும். மிதிகட்டை அடியில் நிற்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பின்னரே கைப்பிடியைக் கவனிக்க வேண்டும். அன்றாடப் பயணத்திற்கு அது இருக்கையின் மட்டத்திலோ ஓரிரு அங்குலம் உயர்ந்தோ இருப்பது பொதுவாக நலம். முழங்கை சற்றே மடிந்தும் மணிக்கட்டு நேராகவும் இருத்தல் வேண்டும்.

செய்முறை

1. கைப்பிடித் தண்டின் உச்சியிலுள்ள நீண்ட திருகாணியை இரண்டு மூன்று சுற்றுகள் மட்டும் தளர்த்துக. முழுவதும் கழற்றலாகாது.

2. திருகாணியின்மேல் மரத்துண்டை வைத்துச் சுத்தியலால் தட்டுக. உள்ளே இறுகியுள்ள ஆப்பு விடுபடும்.

3. முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே பற்றி, கைப்பிடியை இருபுறமும் அசைத்தவாறு உயர்த்துக அல்லது தாழ்த்துக. ஒரு முறைக்கு அரை அங்குலம் போதும்.

4. தண்டில் பொறித்துள்ள எல்லைக்கோடு வெளியே தெரியலாகாது. கோடு அழிந்திருப்பின், ஆப்பு நீங்கலாக இரண்டரை அங்குலத் தண்டேனும் உள்ளே இருத்தல் வேண்டும். இதனை மீறினால் தண்டு முறியவோ கழன்று வரவோ கூடும்.

5. கைப்பிடியை முன்சக்கரத்திற்குச் சரிகுறுக்காக நிறுத்தி, திருகாணியை இறுக்குக.

பிரேக்கை மறவாதீர்

கம்பி பிரேக் உள்ள பழைய வண்டிகளில் கைப்பிடியை உயர்த்தினால் கம்பியும் மேலே இழுக்கப்பட்டு, பிரேக் கட்டை சக்கரத்தில் உரசும். தாழ்த்தினால் பிரேக் தளர்ந்து, நிறுத்தும் வலிமை குறையும். ஆதலின் கம்பியின் நீளத்தையும் திருத்தியே ஆகவேண்டும்.

1990-களுக்குப் பின் பரவிய புதுவகை வண்டிகள் சிலவற்றில், தண்டு வெளியிலிருந்து பக்கத் திருகாணிகளால் கவ்விப் பிடிக்கும். அதனை மேற்சொன்னவாறு உயர்த்த இயலாது. சைக்கிள் கடைக்காரரிடம் காட்டுவதே முறை.

இறுதிச் சோதனை

முன்சக்கரத்தை மீண்டும் முழங்கால்களுக்கிடையே இறுகப் பற்றிக் கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். அது தனியே நகரலாகாது. கைப்பிடியின்மேல் அழுத்தியும், இரு பிரேக்குகளைப் பிடித்தும் பாருங்கள். பின்னர்ச் சுமையின்றிச் சமதரையில் ஓட்டிப் பார்த்த பிறகே சுமை ஏற்றுங்கள். கைப்பிடியைத் திருத்திய பின்னரும் விரல்கள் மரத்துப்போவது நீங்காவிடில், காலந்தாழ்த்தாது அரசாங்க மருந்தகத்தை நாடுங்கள். அடுத்த விடுமுறை நாளில் அரைமணி நேரத்தை இப்பணிக்கு ஒதுக்குவீர்களாக.